பேட் சம்மிட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றிப் பேச்செடுத்தாலே நான் டென்னசி கோச் பேட் சம்மிட்டை இழுத்து வந்துவிடுவேன். உடனே கேட்பவர்களிடமிருந்து ஏறக்குறைய அதே சந்தேகங்கள் வரிசையாக வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாமே என்றுதான் இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பேட் சம்மிட் யாரு? முதல்ல அதைச் சொல்லுங்க.

டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 1974-லிருந்து 2012 வரை, 38 சீசன், தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். 1,098 வெற்றி, 208 தோல்வி, 8 தேசியப் பட்டம். ஆடிய ஆட்டங்களில் நூற்றுக்கு 84 ஜெயித்திருக்கிறார்.

1952-ல் டென்னசி மாநிலத்துக் கிளார்க்ஸ்வில்லில் பிறந்தார். விவசாயக் குடும்பம், மேலே மூன்று அண்ணன்கள், கீழே ஒரு தங்கை. அந்தப் பகுதிப் பள்ளியில் பெண்கள் அணி இல்லை, அதனால் மகள் ஆட வேண்டும் என்பதற்காகவே குடும்பம் ஹென்ரியட்டா என்ற சிற்றூருக்கு வீடு மாறியது. அப்பா மிகக் கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்பு பின்னால் மகளிடம் எப்படி இறங்கியது என்பதைக் கீழே பார்க்கலாம்.

கல்லூரி கோச்னா நம்ம ஊர் காலேஜ் பி.டி. மாஸ்டர் மாதிரிதானே? அதுக்கு ஏன் இவ்வளவு பேர்?

தொடங்கியபோது கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது, அதனால் கேள்வியில் தப்பில்லை. இன்றைக்கு அமெரிக்காவில் நிலைமை வேறு. பெரிய பல்கலைக்கழக அணியின் ஆட்டம் தேசியத் தொலைக்காட்சியில் வரும், அரங்கம் பல்லாயிரம் பேர் உட்காரும் அளவுக்கு இருக்கும், கோச்சின் சம்பளம் பல நேரம் துணைவேந்தர் நிலையில் இருப்பவர் சம்பளத்தைவிட அதிகம்.

வேலையின் பாதி ஆட்டக்களத்துக்கு வெளியே நடக்கிறது. நாடு முழுக்கப் பள்ளிகளில் ஆடும் பெண்களைப் பார்த்து, யார் தேறுவார் என்று கணித்து, வீடு தேடிப் போய்ப் பெற்றோரிடம் பேசி, உதவித்தொகை கொடுத்துத் தன் கல்லூரிக்கு அழைத்து வர வேண்டும். வந்தவர்களை நான்கு ஆண்டு படிக்கவும் வைக்க வேண்டும், ஜெயிக்கவும் வைக்க வேண்டும், பிறகு அனுப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து. தொழில்முறை அணி மாதிரி நல்ல ஆட்டக்காரரைப் பத்து வருடம் பிடித்து வைத்திருக்க முடியாது. 38 வருடம் ஜெயித்தார் என்றால் அத்தனை முறை அணியைப் புதிதாகக் கட்டினார் என்று அர்த்தம்.

22 வயசுல எப்படித் தலைமை கோச் ஆனாங்க? சிபாரிசா?

சிபாரிசெல்லாம் இல்லை. மார்ட்டின் ஊரிலுள்ள டென்னசி பல்கலைக்கழகக் கிளையில் ஆடிப் பட்டம் வாங்கிவிட்டு, நாக்ஸ்வில் முதன்மை வளாகத்துக்கு முதுகலை படிக்கவும் உதவிப் பயிற்சியாளராக இருக்கவும் வந்தார். வந்த நேரத்தில் தலைமைப் பயிற்சியாளர் விலகிக்கொள்ள, பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அதுவரை எந்த அணிக்கும் கோச்சாக இருந்ததே இல்லை. அணியில் இருந்த சிலருக்கும் இவருக்கும் ஓரிரு வயதுதான் வித்தியாசம்.

இதைக் கேட்டு "அடடா, எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார்கள்" என்று சிலர் உருகுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்கள் அணிக்கு யார் கோச்சாக இருந்தால் என்ன என்ற அலட்சியம்தான் அன்றைக்கு இருந்தது. ஆண்கள் அணியை அனுபவமே இல்லாத 22 வயது ஆளிடம் கொடுத்திருப்பார்களா?

அப்ப சம்பளம் எவ்வளவு? கடைசியில எவ்வளவு?

ஆரம்பத்தில் மாதம் 250 டாலர். அந்தப் பணத்துக்கு அணிக்குப் பயிற்சி கொடுத்தார், உடற்கல்வி வகுப்பு எடுத்தார், வெளியூர் ஆட்டத்துக்கு வேன் ஓட்டினார், ஆட்டம் முடிந்ததும் சீருடைகளைத் துவைத்தார். இடையில் முதுகலைப் படிப்பு வேறு. முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் ஒரே புள்ளியில் தோற்றார், பார்க்க வந்தவர்கள் ஐம்பது சொச்சம் பேர். 2006-ல் ஆண்டுச் சம்பளம் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அந்தக் கோட்டைத் தாண்டிய முதல் பயிற்சியாளர் அவர்தான். அதே ஆண்டு ஜனவரியில் கனெக்டிகட் பல்கலைக்கழக அணியுடன் நாக்ஸ்வில்லில் நடந்த ஆட்டத்துக்கு 24,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள்.

ஒலிம்பிக்ல ஆடினாங்கன்னு சொல்றீங்க, 1976 அணிப் பட்டியல்ல சம்மிட்னு யாருமே இல்லையே?

பேட் ஹெட் என்று தேடுங்கள். ஹெட் என்பது பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், சம்மிட் என்பது 1980 திருமணத்துக்குப் பிறகு வந்தது.

ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டதே 1976 மான்ட்ரியலில்தான். அமெரிக்க அணிக்கு இரண்டு கேப்டன்கள், ஒருவர் இவர். சோவியத் யூனியன் தங்கம், அமெரிக்கா வெள்ளி. இதில் கவனிக்க வேண்டியது, 1974-ல் கல்லூரியில் ஆடும்போது முழங்கால் தசைநார் அறுந்து போனவர் அவர். அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் ஆட்டக்காரர் வாழ்க்கையையே முடித்துவிடும் காயம். டென்னசியில் கோச் வேலையும் பார்த்துக்கொண்டு, முழங்காலையும் தேற்றி, ஒலிம்பிக் அணியிலும் இடம் பிடித்தார். எட்டு வருடம் கழித்து 1984 லாஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்க அணியின் தலைமைப் பயிற்சியாளராகத் தங்கம் வாங்கிக் கொடுத்தார்.

டைட்டில் நைன், டைட்டில் நைன்னு எல்லாரும் சொல்றாங்களே, அதுக்கும் இவங்களுக்கும் என்ன சம்பந்தம்?

1972-ல் வந்த அமெரிக்கச் சட்டம். மத்திய அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையம் எதுவும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. சட்டத்தை விளையாட்டுக்காக எழுதவில்லை, ஆனால் விளையாட்டில்தான் அதன் வீச்சு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. இவருடைய அண்ணன்கள் விளையாட்டு உதவித்தொகையில் படித்தார்கள். இவருக்கு வீட்டிலிருந்து பணம் கட்ட வேண்டியிருந்தது, ஏனென்றால் பெண்களுக்கு அப்படியொரு உதவித்தொகையே கிடையாது.

சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பல கல்லூரிகள் இழுத்தடித்தன. டென்னசி ஒரு நல்ல காரியம் செய்தது: பெண்கள் விளையாட்டுக்கென்று தனித் துறையே வைத்தது, தனி இயக்குநர், தனி நிதி. சம்மிட்டின் காலம் முடியும்வரை ஏறக்குறைய அப்படியே நீடித்தது. ஆண்களின் அமெரிக்கக் கால்பந்துத் துறையிடம் கையேந்தாமல் அணியை வளர்க்க முடிந்ததற்கு இது பெரிய காரணம் என்பேன். சம்மிட்டின் பிடிவாதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. அன்றைய டென்னசிப் பள்ளிகளில் பெண்களுக்கு அணிக்கு ஆறு பேர் வைத்து, மூவர் ஒரு பாதியில், மூவர் மறுபாதியில், நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு விசித்திர ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. முழுக்களமும் ஓடினால் பெண்கள் தாங்க மாட்டார்கள் என்ற எண்ணம்தான் அதற்குப் பின்னால். அதை ஒழிக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் சம்மிட்டும் ஒருவர். எழுபதுகளின் கடைசியில் ஒழிந்தது.

8 பட்டம்னா எந்தெந்த வருஷம்? 1974-ல சேர்ந்தவங்களுக்கு முதல் பட்டம் ஏன் இவ்வளவு லேட்?

1987, 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008.

தாமதத்துக்கு வருவோம். என்சிஏஏ என்கிற கல்லூரி விளையாட்டு அமைப்பு பெண்களுக்குப் போட்டி நடத்த ஆரம்பித்ததே 1982-ல்தான். அதற்கு முன் பெண்களுக்கென்று தனி அமைப்பு இருந்தது, அதன் இறுதிப் போட்டியில் 1980-ல் ஓல்ட் டொமினியனிடமும் 1981-ல் லூசியானா டெக்கிடமும் டென்னசி தோற்றது. 1984-ல் மறுபடி இறுதிக்கு வந்து, ஷெரில் மில்லர் இருந்த தென் கலிபோர்னியா அணியிடம் தோற்றது. ஆக வாசல்வரை வந்து வந்து திரும்பிய காலம் அது. "பெரிய ஆட்டத்தில் ஜெயிக்கத் தெரியாதவர்" என்று அன்று பேசியவர்கள் உண்டு. 1987 இறுதியில் அதே லூசியானா டெக்கை 67-44 என்று அடித்துத்தான் அந்தப் பேச்சு நின்றது. இன்றைக்கென்றால் 13 வருடம் காத்திருப்பார்களா? ஐந்தாவது வருடமே ஒப்பந்தத்தைத் தீர்த்து அனுப்பியிருப்பார்கள்.

ரொம்பக் கோபக்காரியாமே? முறைச்சா பொண்ணுங்க அழுதுடுவாங்களாம்?

முறைப்பு உண்மை. அந்த நீலக்கண் பார்வையைப் பற்றி அவரிடம் ஆடிய யாரைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பார்கள். ஆரம்ப காலத்தில் இரவு விருந்துக்குப் போய்விட்டு வந்த பெண்களை மறுநாள் களத்தின் மூலைகளில் குப்பைத் தொட்டிகளை வைத்துவிட்டு வாந்தி எடுக்கும்வரை ஓட வைத்தார். ஒருமுறை ஆட்டம் சரியில்லை என்று மொத்த அணியையும் அவர்களுடைய உடை மாற்றும் அறையிலிருந்தே வெளியேற்றினார். இன்றைய கண்ணால் பார்த்தால் குப்பைத் தொட்டி விஷயம் அதிகப்படி, நான் அதை நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் அவர் எதற்கெல்லாம் கண்டிப்பு காட்டினார் என்பதையும் பார்க்க வேண்டும். வகுப்பைத் தவறவிடக் கூடாது, வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும். தவறினால் ஆட்டம் கிடையாது, நட்சத்திரமாக இருந்தாலும் சரி. டென்னசியில் தன் ஆட்டக் காலத்தை முழுமையாக முடித்த அவருடைய வீராங்கனைகள் அத்தனை பேரும் பட்டம் பெற்றார்கள். 8 கோப்பையைவிட எனக்கு இதுதான் ஆச்சரியம், ஏனென்றால் கோப்பை வாங்கிய மற்ற கோச்சுகள் இருக்கிறார்கள், இந்தக் கணக்கைக் காட்டக்கூடியவர்கள் மிகக் குறைவு.

அவங்க ஆட்ட முறை என்ன? ஏதாவது தனி உத்தி இருந்ததா?

புதுமையான தாக்குதல் உத்தி எதையும் அவர் பெயரில் சொல்ல முடியாது. டிஃபென்ஸ், ரீபவுண்ட் இரண்டும்தான் அவருடைய மதம். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பினால் அது நம்முடையது என்று நினைத்து ஓட வேண்டும். அது வராத பெண் எவ்வளவு அழகாகப் புள்ளி எடுத்தாலும் பெஞ்சில்தான். அப்புறம், வலுவான எதிரணிகளாகத் தேடிப் பிடித்து சீசன் முழுக்க மோதவிடுவார். அதனால்தான் 1997-ல் 10 ஆட்டம் தோற்ற அணி கடைசியில் பட்டம் வாங்கியது.

விமானத்துல பிரசவ வலி வந்த கதை உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. 1990 செப்டம்பர். நிறைமாதத்தில் பென்சில்வேனியாவிலுள்ள ஆலன்டவுனுக்கு மிஷெல் மார்சினியாக் என்ற பள்ளி மாணவியைத் தன் அணிக்கு அழைக்கப் போனார். அங்கே பனிக்குடம் உடைந்தது. விமானத்தில் திரும்பும்போது வழியில் வர்ஜினியாவில் இறக்கட்டுமா என்று கேட்டார்கள். இவர் முடியவே முடியாது, பிள்ளை டென்னசியில்தான் பிறக்க வேண்டும் என்றார். அந்த வருடம்தான் வர்ஜினியா அணி டென்னசியைத் தோற்கடித்துத் தேசியப் போட்டியிலிருந்து வெளியேற்றியிருந்தது. நாக்ஸ்வில் வந்து சேர்ந்து மகன் டைலரைப் பெற்றார். அதற்கு முன் பலமுறை கருச்சிதைவு ஆனவர் என்று தெரிந்த பிறகு இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

மார்சினியாக் முதலில் வேறு கல்லூரிக்குத்தான் போனார். பிறகு டென்னசிக்கு மாறி வந்து 1996 பட்டத்தை வாங்கிக் கொடுத்தார்.

1998 அணியைப் பத்தி மட்டும் ஏன் எல்லாரும் இவ்வளவு பேசறாங்க?

39 ஆட்டம், 39 வெற்றி. ஷமீக் ஹோல்ட்ஸ்க்ளா, தமிகா கேட்சிங்ஸ், செமிகா ராண்டால். மூன்று பெயரிலும் "மீக்" வருவதால் "மூன்று மீக்குகள்" என்றே அழைத்தார்கள். ஹோல்ட்ஸ்க்ளாவுக்கு அது தொடர்ந்து மூன்றாவது பட்டம். கேட்சிங்ஸ் செவித்திறன் குறைபாட்டோடு பிறந்தவர், அப்போது முதலாண்டு மாணவி. பின்னாளில் நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்.

ஆனால் இறுதி ஆட்டத்தை (லூசியானா டெக், 93-75) யாரும் அவ்வளவாக நினைவில் வைத்திருப்பதில்லை. அதற்கு முன் வட கரோலினாவுடன் நடந்ததுதான் ஆட்டம். இரண்டாம் பாதியில் 12 புள்ளி பின்தங்கி, மொத்த சீசனும் கைநழுவப் போகிறது என்ற நிலையிலிருந்து மீண்டு 76-70 என்று ஜெயித்தார்கள். மேலே சொன்ன ரீபவுண்ட் மதம் என்ன என்று கேட்பவர்கள் அந்தக் கடைசி ஏழெட்டு நிமிடத்தைப் பார்க்கலாம்.

கனெக்டிகட் அணியோட என்ன சண்டை? ஏன் ஆட்டத்தையே நிறுத்தினாங்க?

1995-லிருந்து 2007 வரை இரு அணிகளும் 22 முறை மோதின, கனெக்டிகட் 13, டென்னசி 9. அதில் 1995, 2000, 2003, 2004 நான்கு தேசிய இறுதிப் போட்டிகள், நான்கிலும் கனெக்டிகட்தான். அந்த அணியின் கோச் ஜீனோ ஆரியெம்மா வாய் நிறையக் கிண்டல் பேசுபவர், சம்மிட் பதில் பேசாமல் முறைப்பவர். பெண்கள் கூடைப்பந்தை நாடே உட்கார்ந்து பார்த்தது இந்த மோதலால்தான்.

2007-ல் வருடாந்திர ஆட்டத்தைத் தொடர வேண்டாம் என்று முடிவெடுத்தவர் சம்மிட். மாயா மூர் என்ற அபாரமான வீராங்கனையைக் கனெக்டிகட் தன் பக்கம் இழுத்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை, டென்னசி தரப்பிலிருந்து புகாரும் போனது, சிறிய விதிமீறல் என்ற அளவில் அது முடிந்தது. கோபம் நியாயமாகவே இருந்தாலும் ஆட்டத்தை நிறுத்தியது தப்பு என்பது என் அபிப்பிராயம். அந்த விளையாட்டுக்கு வருடத்தில் கிடைத்த மிகப் பெரிய மேடை அது. 2020 ஜனவரியில்தான் மறுபடி ஆட ஆரம்பித்தார்கள்.

ஆண்கள் அணிக்கு கோச்சா கூப்பிட்டும் போகலையாமே? பயமா?

டென்னசி நிர்வாகமே இரண்டு முறை, 1994-லும் 2001-லும், பேச்செடுத்தது. இரண்டு முறையும் மறுத்துவிட்டார். பெண்கள் அணியிலிருந்து ஆண்கள் அணிக்குப் போவதை எல்லாரும் பதவி உயர்வாகவே நினைக்கிறார்களே, அது ஏன் என்பதுதான் அவருடைய கேள்வி. பயம் என்று சொல்பவர்கள் அந்தக் காலத்து டென்னசியின் இரண்டு அணிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பதவி இறக்கம் என்றுகூடச் சொல்லலாம்.

மறதி நோய்னு தெரிஞ்ச பிறகும் ஒரு சீசன் கோச்சா இருந்தாங்களே, அது எப்படி முடியும்?

2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு அல்சைமர் வகை மறதி நோய் இளம் வயதிலேயே தொடங்கிவிட்டது என்று வெளிப்படையாக அறிவித்தார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அந்த சீசனில் ஆட்டத்தின்போதான முடிவுகள், செய்தியாளர் சந்திப்புகள் எல்லாவற்றிலும் உதவிப் பயிற்சியாளர்கள், குறிப்பாக ஹாலி வார்லிக், அதிகப் பொறுப்பு எடுத்துக்கொண்டார்கள். வார்லிக் இவரிடமே எழுபதுகளில் ஆடியவர், 1985-லிருந்து இவருக்கு உதவியாளர். அணி 27 ஆட்டம் ஜெயித்து, அந்த ஆண்டு ஒரு ஆட்டம்கூடத் தோற்காத பெய்லர் அணியிடம் தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகள் சுற்றில் தோற்றது.

2012 ஏப்ரலில் விலகினார், வார்லிக் பொறுப்பேற்றார். அதே ஆண்டு அதிபர் ஒபாமா கையால் சுதந்திரப் பதக்கம். அல்சைமர் ஆராய்ச்சிக்காகத் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 2016 ஜூன் 28 அன்று 64 வயதில் இறந்தார். அந்த ஒரு சீசனை நடத்தியிருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாணவிகளுக்கு அது பாரமாக இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் நோய் வந்த மறுநாளே வேலையை விட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

அவங்க ரெக்கார்டை மத்தவங்க உடைச்சாச்சே, இன்னும் ஏன் அவங்களையே சொல்றீங்க?

உடைத்தது உண்மைதான். 2005-ல் ஆண்கள் அணிக் கோச் டீன் ஸ்மித்தின் 879 வெற்றியை இவர் தாண்டினார். இவருடைய 1,098-ஐ டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் ஷெஷெவ்ஸ்கி 2018-ல் தாண்டினார், பெண்கள் பக்கத்தில் ஸ்டான்ஃபோர்டின் டாரா வான்டர்வீர் 2020 டிசம்பரில் தாண்டினார். 2024 நவம்பரில் ஆரியெம்மா 1,217-ஆவது வெற்றியோடு எல்லாரையும் முந்தினார். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் இப்போது அவர்தான் பெரியவர், அதில் எனக்கு வாதம் இல்லை.

நான் சம்மிட்டைச் சொல்வதற்குக் காரணம் சம்பளக் கேள்விக்கான பதிலில் இருக்கிறது. மற்றவர்கள் ஒரு வேலையில் சேர்ந்து அதில் சிறந்தார்கள். இவர் சேர்ந்தபோது பெண்கள் அணிக் கோச் என்பது பிழைப்பு நடத்தக்கூடிய வேலையாகவே இல்லை. 1,098-க்குப் பிறகு வந்தவர்கள் ஓடிய பாதையின் பெரும்பகுதி இவர் வேன் ஓட்டிப் போட்டது.

இப்ப இந்த மாதிரி ஒருத்தர் ஒரே காலேஜ்ல 38 வருஷம் இருக்க முடியுமா?

கஷ்டம். 2021-லிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம், கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்ற பழைய தடையும் தளர்ந்துவிட்டது. முதல் மூன்று வரிசையில் உட்காரச் சொன்னால் அடுத்த வாரம் வேறு கல்லூரியில் இருப்பார்கள். மாணவர்களுக்கு இந்த உரிமை வந்தது நல்லதுதான், பல வருடம் அவர்கள் உழைப்பில் மற்றவர்கள்தான் சம்பாதித்தார்கள். ஆனால் நான்கு வருடம் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கட்டிய சம்மிட்டின் முறை இந்தச் சூழலில் அப்படியே செல்லுபடியாகாது.

டென்னசியையே பாருங்கள். 38 வருடம் ஒரே ஆள் இருந்த இடத்தில் 2012-க்குப் பிறகு வார்லிக், அப்புறம் சம்மிட்டிடமே ஆடி மூன்று பட்டம் வாங்கிய கெல்லி ஹார்ப்பர், 2024-லிருந்து கிம் கால்ட்வெல் என்று மூன்றாவது ஆள் வந்தாயிற்று.

நாக்ஸ்வில் பக்கம் போக வாய்ப்பிருக்கு. பாக்க ஏதாவது இருக்கா?

வளாகத்தில் 2013-ல் திறந்த சிலை இருக்கிறது. ஊருக்குள் பெண்கள் கூடைப்பந்துப் புகழரங்கம் இருக்கிறது, கூரையில் பிரமாண்டமான பந்து உட்கார்ந்திருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். தாம்ப்சன்-போலிங் அரங்கத்தில் ஆட்டம் ஏதாவது நடந்தால் டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பாருங்கள், 2005-லிருந்து அந்த ஆடுகளத்துக்கே சம்மிட் பெயர்தான். டென்னசி ஆண்கள் அணியும் அதன் மேல்தான் ஆடுகிறது.